எதைச் சொடுக்கினாலும் அதே வீடு

ஆணாகப் பிறந்தவனுக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை வேண்டும். குளியலறை கணக்கில் சேராது.

முன்பொரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சபரிநாதன் இப்படி ஒரு முடிவுக்கு வந்தார். அவர் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனைவி மஞ்சுளா மாற்றுகிற வரைக்கும் அதிலிருந்து இம்மியும் அசைய மாட்டார்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் தொழில். பாடி கட்டி முடித்து, பெயின்ட் வாசம் போகாமல் வெளியே வரும் லாரியின் நெற்றியில் 'குலசாமி துணை' என்று மின்னுகிறதே, அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினில் வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, கீழ் மூலையில் 'சபரி ஆர்ட்ஸ்' என்று பெயரும் போன் நம்பரும் போடுவார். பெயர் போடாமல் அவரால் ஒரு பொருளையும் கைவிட முடியாது. வீட்டு கேஸ் சிலிண்டரில் சபரி ஆர்ட்ஸ். சப்பாத்திக் கட்டையில் சபரி ஆர்ட்ஸ். மகள் நித்யஸ்ரீயின் காதுகுத்துக்கு அடித்த பேனரில் குழந்தையின் பெயரைவிட அவர் பெயர்தான் பெரிது. சீர்த்தட்டோடு வந்தவர்கள், காது குத்தப்போவது இவருக்குத்தானோ என்று வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார்கள்.

இத்தனை பெயர் வாங்கிய மனிதருக்கு உட்கார இடமில்லை. வாடகை வீட்டின் கூடம்தான் பட்டறை. டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் கம்ப்யூட்டர், அதை ஒட்டி வெட்டுகிற மெஷின், மெஷின்மேல் ஈரத்துணி. அவர் நாற்காலியில் எப்போதும் யாராவது இருப்பார்கள். யாரும் இல்லையென்றால் முறத்தில் மல்லி காயும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஓடுகிற ஒரு லாரியின் முன்கண்ணாடியில், ஸ்டிக்கருக்கு அடியில் மாட்டிக்கொண்ட கறிவேப்பிலை ஒன்று இன்றைக்கும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை வரும்.

இப்போதுதான் விடிவுகாலம். மோகனூர் ரோட்டுப் பக்கம் கிழக்குப் பார்த்த மனை. சொந்த வீடு. ரோட்டை ஒட்டிய தென்கிழக்கு மூலையைப் பார்த்ததும் சபரிநாதன் மனதுக்குள் அங்கே ஒரு கதவை வைத்து, தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். மஞ்சுளாவும் அதே மூலையைத்தான் பார்த்தாள்.

"அக்கினி மூலையுங்க. சமையல்கட்டு அங்கதான் வரோணும்."

"வாயு மூலையிலயும் வெக்கலாமாம் அம்மிணி. பின்னாடி நல்லாக் காத்தாட்டமா இருக்கும்."

"அடுப்புக்கு எதுக்குங்க காத்தாட்டம்?"

இன்ஜினியர் கதிர் மரியாதையான பையன். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டு பிளான் போட்டான். ஒன்றாம் நம்பரில் அந்த மூலையில் சமையல்கட்டு. இரண்டாம் நம்பரில் அதே மூலையில் சபரிநாதனின் அறை. இரண்டையும் பி.டி.எஃப் ஆக்கி, ஒரு நாள் காலையில் பென்டிரைவில் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். "நாளைக்குக் காலையில மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட வந்துருவாருங்கண்ணா. எந்த நம்பருன்னு சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணிச் சொல்லீருங்க" என்று கிளம்பிவிட்டான்.

"ரெண்டையும் நல்லாப் பாத்துப்போட்டு நாயமாச் சொல்றனுங்க" என்றாள் மஞ்சுளா.

நாயமா! கல்யாணமான நாளிலிருந்து நியாயம் ஒருமுறைகூட அவர் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை.

அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. லினக்ஸ். லாரிக்காரர்கள் கொண்டுவரும் பென்டிரைவுகளிலிருந்து வைரஸ் ஏறி ஏறிக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதால், எப்போதோ அதற்கு மாறிவிட்டார். லினக்ஸுக்குள் வைரஸ் சுலபத்தில் வராது. மனைவி வருவாள், அதற்கு மருந்தில்லை. ஆனால் அதில் ஒரு சௌகரியம். படத்தைச் சொடுக்கினால் இந்தப் புரோகிராம் திறக்கட்டும், பாட்டைச் சொடுக்கினால் அந்தப் புரோகிராம் திறக்கட்டும் என்று எந்த வகைக் கோப்புக்கு எது என்பதை நாமே விதித்துவிடலாம். நாமே ஒரு புரோகிராம் எழுதி, இனிமேல் இந்த வகைக்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று பட்டம் கட்டவும் செய்யலாம்.

கட்டினார். இரண்டே வரியில் ஒரு புரோகிராம். எந்த பி.டி.எஃப்பைச் சொடுக்கினாலும் அதைச் சட்டை செய்யாதே, இரண்டாம் நம்பர் பிளானைத் திற. திரை முழுக்க விரி, மேலே கோப்பின் பெயர் தெரியக்கூடாது. அவ்வளவுதான். மஞ்சுளா ஒன்றைச் சொடுக்கினாலும் இரண்டுதான் வரும், இரண்டைச் சொடுக்கினாலும் இரண்டுதான் வரும். கதிர் ஒரே பிளானைத்தான் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறான், இன்ஜினியருக்கே இதுதான் சரியென்று பட்டிருக்கிறது என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

ஒன்றாம் பிளானை அழித்திருக்கலாமே என்பீர்கள். அழித்தால் அது திருட்டு. அவள் கதிரைக் கூப்பிட்டு மறுபடி வாங்குவாள். இது கலை. அவளுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது இரண்டு முறை சொடுக்குவது மட்டும்தான் என்பது அவர் கணிப்பு.

கலைஞன் கடைசியில் என்ன செய்வான்? புரோகிராமுக்குப் பெயர் கேட்டது கம்ப்யூட்டர். லாரிக் கண்ணாடியில் போடுவதையே விரல் தன்னால் அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மனிதர் நொந்துபோனார். மஞ்சுளா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. துணி ஊறவைத்தாள். இட்லிக்கு ஊறப்போட்டாள். பூச்செடியைக் கொத்திவிட்டாள்.

"அம்மிணி, பிளானு..."

"வாரேனுங்க."

அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். பிரிட்ஜைத் திறந்தார், எதற்கென்று தெரியாமல் ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"கதிரு போனுக்குக் காத்துட்டிருப்பான் அம்மிணி."

"சாயங்காலம்னுதானுங்களே சொல்லியிருக்குது. நீங்க ஏனுங்க காலையில இருந்து புடிச்ச கோழியாட்டம் தவிக்கறீங்க? பேதி கீதி ஆகுதா?"

"எனக்கென்ன தவிப்பு? நான் சும்மா நடக்கறேன். ஒடம்புக்கு நல்லது."

"அப்ப அப்படியே நடந்து அந்தச் சின்னவெங்காயத்த எடுத்துட்டு வாங்க. உக்காந்து உரிக்கலாம்."

உரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இதெல்லாம் ஓர் அறைக்காக என்று பொறுத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, வர வேண்டியவளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சித்ரா வந்து சேர்ந்தாள். கையில் பென்டிரைவ்.

"அண்ணா, நம்ம கௌசிக்குக்கு நாளைக்குப் பரிச்சைங்க. ஆல்டிக்கெட் ஒரு பிரின்ட் போட்டுக் குடுங்கண்ணா."

சபரிநாதன் வாய் திறப்பதற்குள் சித்ராவே பென்டிரைவைச் செருகி, சொடுக்கியும்விட்டாள். திரை முழுக்க விரிந்தது வீடு.

"ஏனுங்கண்ணா, இதென்னுங்க? எம்பையன் ஆல்டிக்கெட்ல கக்கூசெல்லாம் இருக்குது?"

"அது... பரிச்சை ஹாலுக்கு வழி காட்டுற படமா இருக்கும்."

"பரிச்சை ஹால்ல எதுக்குங்க பூஜை ரூமு?"

"பையன் கும்புட்டுட்டுப் போயி எழுதட்டும்னு வெச்சிருப்பாங்க. நீ நகரு, நகரு."

அவளை நகர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை மூடி, கௌசிக்கின் கோப்பின்மேல் வலது பக்கம் சொடுக்கி, வேறு எதைக்கொண்டு திறக்கலாம் என்று காட்டும் பட்டியலை வரவழைத்து, பழைய புரோகிராமைத் தேடிப்பிடித்தார். ஹால் டிக்கெட் வந்தது. கௌசிக் போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்தான். அச்சடித்துக் கொடுத்துவிட்டு மூச்சுவிட்டுத் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் வெங்காயக் கிண்ணத்தோடு மஞ்சுளா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்னுங்க அது?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. பென்டிரைவ்ல கொஞ்சம் கோளாறு."

"அப்படிங்களா" என்று திரையை ஒரு பார்வை பார்த்தாள். "சித்ரா, இரு, காபி வெக்கறேன்."

தப்பித்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார் சபரிநாதன்.

சித்ரா போனதும் மஞ்சுளா கையைத் துடைத்துக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தாள். "காட்டுங்க பிளான." ஒன்றைச் சொடுக்கினாள். மூலையில் சபரிநாதனின் அறை, அழகாக, கதவோடு. மூடினாள். இரண்டைச் சொடுக்கினாள். மூலையில் சபரிநாதனின் அறை, அதே கதவோடு.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குதுங்களே?"

"அட, ஆமா!" சபரிநாதன் கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டார். இந்த ஆச்சரியத்தைக் காலையிலேயே கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார். "அப்ப இதுதான் சரின்னு கதிரே முடிவு பண்ணிட்டான் போலிருக்குது. படிச்ச பையன். நாம என்ன சொல்றது?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாமா. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"துளி வித்தியாசம் கெடையாது."

"எம்மேல சத்தியமா?"

"உம்மேல சத்தியமா!"

"அப்பச் சரிங்க. படிச்ச பையன் சொன்னா நமக்கென்ன." அவள் எழுந்துகொண்டாள். சபரிநாதனின் காதுக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் தேனாகக் கேட்டது. "கதிருக்குப் போன் போடுங்க. ஒண்ணாம் நம்பருன்னு சொல்லீருங்க."

தேன் அப்படியே உறைந்தது.

"ஒண்ணா? இல்ல... ரெண்டுன்னு சொல்லலாமே?"

"எதுக்குங்க?"

"ரெண்டு நல்ல நம்பர் அம்மிணி."

"மொத மொதல்ல கட்டற ஊடு. ஒண்ணுன்னே ஆரம்பிக்கலாமுங்க."

"அதில்ல, ரெண்டுன்னா கொஞ்சம்..."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாமா? எம்மேல சத்தியம் வேற பண்ணியிருக்கறீங்க. பொறகு எந்த நம்பரச் சொன்னா என்னுங்க?"

அவள் முகத்தில் பால்மணம் மாறாத குழந்தையின் தெளிவு. உண்மையைச் சொன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன். சொல்லாவிட்டால் அறை போயிற்று. சபரிநாதன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கதிரு, ஒண்ணாம் நம்பரு."

"அண்ணா, நெசமாவா? அதுல உங்க ரூமே இல்லீங்களே!"

"ம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ம்."

"பெரிய மனசுங்கண்ணா உங்களுக்கு."

பெரிய மனசு அன்று மாலை பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு, கடையைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று மறுபடி போன் செய்தது. "கதிரு, ஒரு சின்ன மாத்தம். ரெண்டாம் நம்பரு."

அந்தப் பக்கம் கதிர் தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எந்த நம்பருல சமையல்கட்டுன்னு அக்கா மத்தியானமே கேட்டுட்டாங்க. நீங்க ஒண்ணுன்னு சொன்னதும் மறுபடி பேசுனாங்க. 'அவரு பால் வாங்கப் போறேன்னு கெளம்பி, மறுக்காப் போன் பண்ணி ரெண்டுன்னு சொல்வாரு. நீ சரின்னு சொல்லிப்போட்டு ஒண்ணையே போட்டுரு'ன்னாங்க. எனக்குத்தான் உங்ககிட்ட அப்படிப் பொய் சொல்ல மனசு வரலீங்கண்ணா."

சபரிநாதன் பால் வாங்காமலே வீட்டுக்குப் போனார். யாரும் பாலைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை மேஸ்திரி தங்கமுத்து மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். சமையல்கட்டுக்குக் கோடு விழுந்தது, அந்த மூலையிலேயே, ரோட்டைப் பார்த்து. சபரிநாதன் அதன் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். கதவு வர வேண்டிய இடத்தில் கையை நீட்டிப் பார்த்தார்.

"சாமி, அடுப்பு மேல நிக்கறீங்க. கொஞ்சம் அக்கட்டால போங்க" என்றார் தங்கமுத்து.

போனார். "எனக்கு எங்கீங்க எடம்?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"மாடிப்படிக்கு அடியில உங்க மெஷினு வெக்கச் சொல்லி அக்கா சொல்லியிருக்கறாங்க. நிமுந்தாத்தான் தலை இடிக்கும். உக்காந்தே இருந்தா ஒண்ணும் தெரியாது."

மஞ்சுளா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். சபரிநாதன் டம்ளரை வாங்கவில்லை. மானம் போனாலும் பரவாயில்லை, ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அந்த ஆல்டிக்கெட்ட வேறெதுல தொறக்கறதுன்னு ஒரு பட்டியல் வந்துச்சுங்களே, அதுல மொதல் ஆளா நின்னது யாருங்க?" என்று டம்ளரை அவர் கையில் திணித்தாள் மஞ்சுளா. "அடுத்த தடவ கள்ளத்தனம் பண்ணும்போது பேரும் போன் நம்பரும் போடாதீங்க மாமா."