ஃபைனல் முடியட்டும் என்கிறாள் உன் அத்தை

எட்டுத் திக்கும் ஊசி போட்டுப் புகழ் பரப்பும் நர்ஸம்மா, என் அக்காள் மகளே,

சோபா ராஜ்ஜியத்தின் சக்கரவர்த்தியும் ரிமோட் ஏந்திய மாவீரனுமாகிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தை நலமில்லை. அதனால்தான் இந்த ஓலை.

'அத்தையை ஏன் இன்னும் ஆஸ்பத்திரியில சேர்க்கல?' என்று போனில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாயே, காரணம் கேள். இதய வால்வை உடனே மாற்றியாக வேண்டும் என்கிறார் டாக்டர். இவளோ, "ஃபைனல் முடியட்டும், அப்புறம் படுத்துக்கறேன்" என்கிறாள். எந்த ஃபைனல்? வாலிபப் பிள்ளைகளை ஒரே வீட்டில் போட்டுப் பூட்டி, வாரம் ஒருவராகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்களே, அந்த டி.வி. மகாயுத்தத்தின் ஃபைனல்! எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, வருஷா வருஷம் அதிலிருந்து ஆளுக்கொன்றைத் தத்தெடுத்துக்கொள்வோம். யார் பிள்ளை வெளியேறுகிறதோ அவர் பாத்திரம் தேய்க்கணும். நான் தேய்த்த தேய்ப்பில் குண்டான்கள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டன.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அது சப்பென்று ஆகி எத்தனையோ காலமாச்சு. ஒரு காலத்தில் அங்கே ஒருத்தி விசும்பினால் இங்கே நான் துண்டைப் பிழிந்து வாளி நிரப்பியவன்தான். இப்போ என்னடான்னா, எவனோ ஷாம்பூவை எடுத்துவிட்டானாம், 'என் வாழ்க்கையே போச்சு'ன்னு ஒருத்தன் ஊரே மிதக்கிற அளவுக்கு அழுகிறான். இந்தப் பக்கம் உன் அத்தை, சோபாவிலிருந்து சமையலறை வரை போக முடியாமல் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எதைப் பார்ப்பது, சொல்லு? டி.வி.யை நிறுத்தவும் மனசு வரவில்லை, அவளுக்கு மிஞ்சியிருக்கும் சந்தோஷம் அது ஒன்றுதான். ஆகவே ரசிகனாக நடிக்கிறேன். நேற்று அடித்த விசிலில் என் பல்செட் ராக்கெட்டாகக் கிளம்பி, டி.வி. தொகுப்பாளரின் மூக்கில் மோதி விழுந்தது. உன் அத்தை வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. "சிரிக்கணும்போல இருக்குங்க, முடியல" என்றாள். அதோடு விசிலுக்கு முழுக்குப் போட்டேன்.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ உன் வார்டுக் குரலில் ஒரு அதட்டுப் போடு.

உன் ஊசியைக் கண்டு நோய்கள் எல்லாம் ஊரைக் காலி செய்ய, நீ சகல சௌக்கியத்தோடு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பல்லிழந்த சக்கரவர்த்தி, உன் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் கிழித்துப் போடு. உறையில் போடுவதற்குள் உன் அத்தை பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"அந்தக் கண்றாவி எனக்கு எப்பவோ வெறுத்துப் போச்சு. நீங்க ஆசையா விசிலடிக்கிறீங்களேன்னு உக்காந்திருந்தேன்" என்கிறாள்.

"அப்புறம் எதுக்குடி ஃபைனல், ஃபைனல்னு உயிரை வாங்கின?"

"ஆபரேஷன் ரூமுக்குள்ள உங்களை விட மாட்டாங்களாமே" என்றாள்.

நாளைக்குச் சேர்க்கிறேன். கதவு வரைக்கும் கூட வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்தின பிறகு வெளியே என் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேணும். லீவு போட்டுட்டு வந்துடும்மா.