மந்திரித்த எண்ணெயும் முன் பிரேக்கும்

கீச்சு மாமு பிரேக் மாற்றிக் கொடுத்த எந்த வண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதாக ராயபுரத்தில் சரித்திரமே கிடையாது. நிற்காது என்பதோடு விடாமல் கத்தவும் கத்தும். தெருமுனையில் கீச்சென்று கேட்டால் போதும், புருஷன் வருவதற்குள் பெண்கள் சீரியலை முடித்துக்கொள்வார்கள். அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்திருக்கும்.

துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். ஒப்பந்தம் ஒருநாள் போனது; ஒரு பெட்டி ஸ்பேனர் மிஞ்சியது. மெக்கானிக் கையில் வண்டியைக் கொடுப்பது பூனையிடம் வஞ்சிரத்தைக் கொடுப்பது போல என்பது அவர் கொள்கை. வீட்டு வாசலிலேயே பிரேக் பேடு மாற்றித் தருவார், இனாமாக. மாற்றி முடிக்கும்வரை நாம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். காசே கொடுத்திருக்கலாம் என்று தோன்றாதவர் எங்கள் தெருவில் இல்லை.

கழற்றுவதும் பூட்டுவதும் சுத்தமாகத்தான் இருக்கும். கடைசியில்தான் வினை. மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயை விரலில் தொட்டு, பேடு கவ்விப் பிடிக்க வேண்டிய தகட்டின் மேலேயே சிலுவை போடுவார். அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று நான் படித்திருந்தேன். படித்ததோடு சரி, ஒரு திருகைக்கூடக் கழற்றியதில்லை. இருந்தும் என் வண்டிக்குச் சிலுவை போட்ட அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வழுக்குமே மாமு என்றேன்.

"மாதா எண்ணெ வழுக்குமா? வண்டி நல்லாதான் கீது. உனுக்குதான் நம்பிக்க இல்ல நைனா."

மாதாவுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். காசிமேட்டில் பிரேக்கை அழுத்தினேன். வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் போய் ஒரு ஐஸ் பெட்டியில் என்னைச் சேர்த்தது. "மீனு வாங்க வந்தியா, மீனாண்ட படுக்க வந்தியா?" என்றாள் மீன்கார அம்மா. முறிந்த கையை மறு கையில் ஏந்திக்கொண்டு, வாங்கத்தான் என்றேன்.

தெருவுக்கு அறிவு வந்தது அப்போதுதான். அதுவரை இனாமாக மாற்றிக்கொண்டவர்கள் எல்லாம் அவரைக் கிறுக்கு என்றார்கள். மணலியில் வேலை பார்க்கும் மகன், தன் வண்டியை அப்பன் கண்ணில் படாமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வந்தான். ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிப்போய்ச் சாத்தாங்காட்டில் பழைய இரும்பாகப் போட்டான். எவனாவது செத்தால் கேஸ் தன் தலையில் விடியும் என்றான். நியாயம்தான். நியாயமான பேச்சைப்போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது.

மாமு வாசலில் உட்கார்ந்து போகிற வண்டிகளின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. சோறும் இறங்கவில்லை என்றார்கள். கட்டுப் போட்ட கையோடு போய்ப் பார்த்தேன். கையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எவனும் வண்டி குடுக்கலனா நான் இன்னாத்துக்கு நைனா கீறேன்?" என்றார்.

கட்டுப் பிரித்ததும் புது ஸ்பேனர்களோடு அவர் வாசலில் வண்டியை நிறுத்தினேன். முன் பிரேக் சரியில்லை என்றேன். முந்தின நாள்தான் கடையில் புதுப் பேடு போட்டிருந்தது. மாமு கழற்றினார், பூட்டினார், சிலுவை போட்டார், ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே தெருமுனைவரை ஓட்டினேன். முனை திரும்பி அவர் கண்ணுக்கு மறைந்ததும் இறங்கி, மெக்கானிக் கடைவரை தள்ளினேன்.

இப்போதும் அவ்வப்போது தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தாளிடம் எதற்கு சார் வண்டியைக் கொடுக்கிறீர்கள் என்று மெக்கானிக் கேட்டான்.

அவர் நன்றாகத்தான் மாற்றுகிறார், எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.