காலியிடம் நிரப்பப்பட்டது

அரசு அலுவலகங்களில் மனுக்கள் தூங்குகின்றன என்று புறம் பேசுவோர், ஏற்காட்டு ரஹமத்துல்லா வாத்தியாரின் கதையைக் கேட்டுத் திருந்தக் கடவர். அவருடைய மனு ஒன்பதே நாளில் நிறைவேறியது. கேட்டதற்கு மேலாகவே நிறைவேறியது.

வாத்தியார் சேர்வராயன் மலையை முப்பத்தோரு வருஷம் நீர்வண்ணத்தில் தீட்டியவர். மலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பனிமூட்டத்தை மட்டும் அவர் வரைவதே இல்லை. தாளை அப்படியே விட்டுவிடுவார். ஓரத்தில் நாலு சில்வர் ஓக் மரத்தைத் தொட்டு வைத்தால், வெறும் தாளில் பனி தானாக வந்து நிற்கும். நாகலூர் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் அந்த வித்தையைப் பழக்கிவிட்டு 1983-இல் ஓய்வு பெற்றார். மூன்று வருஷமாக அவர் நாற்காலிக்கு ஆள் வரவில்லை. டிராயிங் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே மனு எழுதினார். 'மூன்று ஆண்டுகளாக உள்ள காலியிடத்தை நிரப்பித் தருமாறு வேண்டுகிறேன். இப்படிக்கு, ரஹமத்துல்லா, டிராயிங் மாஸ்டர் (ஓய்வு). இணைப்பு: ஓவியம் ஒன்று.' ஓவியத்தைப் பார்த்தாவது அதிகாரிகளின் மனம் இளகாதா என்று, இருப்பதிலேயே நல்ல பனிப்படத்தை இணைத்தார்.

"ஏனுங்க, எந்தக் காலியிடம்னு எழுதலீங்களே?" என்றார் மனைவி ஹலீமா.

"ஊருக்கே தெரியும். ஆபீசுக்குத் தெரியாதா?"

பெயரைச் சொன்னால் கூச்சப்படக்கூடிய ஓர் அலுவலகத்தில், ஹெட் கிளார்க் கோவிந்தராஜ் படத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பாதிக்கு மேல வெறுந்தாளாக் கெடக்குதே! பாவம், வயசாயிருச்சு, முடிக்க முடியல போல" என்று மனமுருகினார். மூவர் 'குழு' கூடியது. போண்டா தின்றது. ஸ்கேல் வைத்து 'கள ஆய்வு' செய்து, காலியிடம் எழுபது சதவீதம் என்று கண்டறிந்தது.

ஒன்பதாம் நாள் அலுவலகத்து ஆள் வந்து கூப்பிட்டார். வாத்தியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடினார்.

"வாங்க வாத்தியாரே! காலியிடத்த நிரப்பியாச்சுங்க!" என்றார் கோவிந்தராஜ்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நொம்பச் சந்தோசமுங்க. ஆளு யாருங்க?"

"நம்ம செல்வராஜ்தானுங்க."

"சைன்போர்டு செல்வராஜா? அவரு பொறுமையாச் செய்வாருங்களா?"

"ஒரே நாள்ல முடிச்சுட்டாருங்க. ரெண்டு கோட்டிங்!"

படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். பனி இருந்த இடத்தில், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு அடித்து மிஞ்சிய நீல எனாமலில் பளபளவென்று வானம். சிரிக்கிற சூரியன். இரண்டு தென்னை. ஒரு கப்பல்.

"மலை மேல ஏதுங்க கப்பல்?"

"ஏரியில போட் ஹவுஸ் இருக்குதுங்களே!"

வாத்தியார் வயிறு வலிக்கச் சிரித்தார். மூச்சு வந்ததும், "நான் கேட்டது பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டருங்க" என்றார்.

கோவிந்தராஜ் திடுக்கிட்டார். "ஐயையோ! டிராயிங் மாஸ்டரின் காலியிடம் நிரப்பப்பட்டதுன்னு மேலிடத்துக்கு எழுதி, ஃபைலையும் மூடியாச்சுங்களே. நிரப்புனத மறுபடி எப்படிங்க காலி பண்றது?"

ஆகவே, மலைப் பள்ளியில் இன்று காலியிடம் எதுவும் இல்லை. டிராயிங் வாத்தியாரும் இல்லை.