கழுத்தில் மாட்டிய கல்யாணப் பத்திரிகை

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. எல்லாரும் செய்கிற மாதிரியே ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வகுப்பில் எல்லாரும் நீலப் பேனாவில் எழுதிய காலத்தில் பச்சைப் பேனாவில் பரீட்சை எழுதி, தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்றவள் நான். அப்படிப்பட்டவளிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையைக் கொடுத்தது என் பெற்றோர் செய்த ஒரே தவறு. மற்ற தவறுகள் எல்லாம் நான் செய்தவை.

அப்போது நான் ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன் (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், ஆச்சரியம்தான்). வீடு குன்றத்தூர். மாப்பிள்ளை இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் பேசி முடித்து மண்டபமும் பிடித்தாகிவிட்டது. பத்திரிகைதான் பாக்கி.

அப்பா ஒரு மாதிரிப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் நிறம், மேலே பிள்ளையார், ஓரமெல்லாம் தங்கக் கொடி. எங்கள் தெருவில் போன பத்து கல்யாணத்துக்கும் அதே பத்திரிகை. பெயர்கள் மட்டும்தான் மாறியிருந்தன.

"இதுல நாங்க ரெண்டு பேரும் எங்க இருக்கோம்ப்பா?" என்று கேட்டேன்.

"நடுவுல பேர் போட்டுக்கீதே, இன்னா வேணும் உனக்கு?" என்றார் அப்பா.

எனக்கு வேண்டியது வேறு. எங்கள் வாழ்க்கையே கழுத்தில் தொங்கும் ஓர் அட்டையில்தான் இருந்தது. பஸ் ஏற அட்டை, உள்ளே போக அட்டை, கேன்டீனில் சாப்பிட அட்டை. எனவே பத்திரிகையையும் கம்பெனி அடையாள அட்டை மாதிரியே அடித்துவிட்டால்? அந்த யோசனை வந்த பிறகு நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். கைப்பேசியில் நாற்பது முறை வரைந்து அழித்தேன். கடைசியில் வந்தது இது: கம்பெனி சின்னம் இருக்கும் இடத்தில் பிள்ளையார். கீழே எங்கள் இருவர் புகைப்படம். பணியாளர் பெயர்: கயல்விழி – இசக்கிமுத்து. துறை: குடும்பம். பணியில் சேரும் நேரம்: காலை 9.00 முதல் 10.30 வரை. பணிக்காலம்: ஆயுள் முழுவதும். பின்பக்கத்தில் மண்டபத்தின் முகவரி, அதற்குக் கீழே என் நகைச்சுவை: 'இந்த அட்டையைக் கழுத்தில் அணிந்து வருவோருக்குப் பந்தியில் முதல் வரிசை.'

(நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

ஸ்ரீபெரும்புதூரில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை அடித்துக்கொடுக்கும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பிளாஸ்டிக்கில் அச்சடித்து, கழுத்தில் மாட்ட நீலக் கயிறும் கோத்துத் தந்தார். எங்கள் கம்பெனிக்கும் அவர்தான் கயிறு கொடுப்பவர் என்பதால் அதே நீலம். எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் பத்திரிகையை எங்கள் ஊர் மலைக்கோயிலில் வைக்கப் போனோம். அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். பிளாஸ்டிக்கில் மஞ்சள் நிற்கவில்லை. வழிந்து என் புகைப்படத்தின் மேல் இறங்கியது. "இன்னாடி இது, மஞ்சாவே ஒட்ட மாட்டேங்குது. நல்ல சகுனமா இது?" என்றாள். நான் துடைத்துவிட்டு, சாமி காலடியில் வைக்கச் சொல்லி ஒன்றைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாதிப் படி இறங்கும்போது மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பக்தர்கள் கவனத்திற்கு. கயல்விழி, இசக்கிமுத்து என்ற பெயரில் கம்பெனி அடையாள அட்டை ஒன்று கிடைத்துள்ளது. தவறவிட்டவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி படியேறினார்.

உறவுக்காரர்கள் அதைவிட மோசம். அத்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, என் புள்ளையும் சும்மாதான் குந்திகினு கீறான். அவனுக்கும் அங்கயே ஒரு வேலைக்குச் சொல்லேன்" என்றாள். பத்திரிகை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும், "அப்ப வேலை இல்லியா?" என்று முகம் வாடிப்போனாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

இப்போது சுடலைமுத்து மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசக்கிமுத்துவின் தாய்மாமன். இசக்கிமுத்து சின்ன வயதில் அப்பாவை இழந்தவர். வளர்த்தது, படிக்கவைத்தது, பெண் பார்க்க வந்தது எல்லாம் மாமாதான். மாமா மாலை போட்டுத்தான் மாப்பிள்ளை மேடை ஏற வேண்டும் என்று அவர்கள் வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து இருங்காட்டுக்கோட்டை அறைகளில் தங்கினார்கள். காலை ஏழு மணிக்கு மெயின் ரோட்டுக்கு இரண்டு வேன் வரும், ஏறிக் குன்றத்தூர் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கல்யாணத்தன்று காலை எட்டேகால் மணி. மண்டபத்து அறையில் எனக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணுக்கு மை போட்டாகிவிட்டது. அப்போது இசக்கிமுத்து கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"மாமாவக் காணோம்."

"ரெண்டாவது வேன்ல வரலையா?"

"மொத வேன்காரங்க ரெண்டாவதுல வாராருன்னு நெனச்சிருக்காங்க. ரெண்டாவது வேன்காரங்க மொதல்ல போயிட்டாருன்னு நெனச்சிருக்காங்க. போன் ரூம்லயே சார்ஜ்ல கெடக்கு. டீ குடிச்சிட்டு வாரேன்னு போனவராம்."

என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன். அலங்காரப் பெண் தூரிகையோடு என் பின்னாலேயே நடந்தாள். இருங்காட்டுக்கோட்டைக்கு ஆள் அனுப்பினோம். டீக்கடைக்காரர், "வெள்ளைச் சட்டைப் பெரியவரா? பஸ் ஏறிப் போயிட்டாரே" என்றாராம். எந்த பஸ் என்று கேட்டதற்கு, "கம்பெனி பஸ்தான். கழுத்துல கார்டு போட்டிருந்தாரே" என்று பதில் வந்தது.

மேஜைமேல் கிடந்த ஒரு பத்திரிகையை எடுத்து அதன் நீலக் கயிற்றைப் பார்த்தேன்.

அந்த நிமிஷமே என் கைப்பேசி அடித்தது. எங்கள் கம்பெனி செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

"மேடம், இங்க ஒருத்தர் டூப்ளிகேட் ஐ.டி. போட்டுகினு உள்ள வந்துட்டாரு. அதுல உங்க போட்டோ கீது. பக்கத்துல இன்னொரு ஆளு போட்டோவும் கீது. டிபார்ட்மென்ட் குடும்பம்னு போட்டுக்கீது. இன்னா மேடம் இது?"

"அவர்கிட்ட போனைக் குடுங்கண்ணா!"

மாமாவின் குரல் நிதானமாக வந்தது. "எம்மா, கயலா? மண்டபம் ரொம்பப் பெருசாத்தான் புடிச்சிருக்கிய. ஆனா மேளச்சத்தத்தையே காணோமே தாயி?"

நடந்தது பிறகு தெரிந்தது. ஏழு மணிக்கு வேன் வரும் என்று சாலையில் நின்றிருக்கிறார். ஏழு மணிக்கு எங்கள் கம்பெனியின் ஜெனரல் ஷிப்ட் பஸ் வந்திருக்கிறது. ஏறுகிற எல்லார் கழுத்திலும் நீலக் கயிறு; தன் கழுத்திலும் நீலக் கயிறு. எல்லாரும் கல்யாணத்துக்குத்தான் போகிறார்கள் என்று ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டார். உள்ளே இறங்கியதும், அன்று புதிதாகச் சேர வந்திருந்த ஆட்களின் வரிசையில் நின்றிருக்கிறார். "புது ஜாயினிங்கா?" என்று கேட்டதற்கு, "ஆமாய்யா, இன்னிக்குத்தான் பொண்ணு மாப்பிள்ளைய சேத்து வைக்கோம்" என்றாராம். கடைசி வார்த்தைகள் யார் காதிலும் விழவில்லை. கேன்டீனில் உட்காரவைத்துக் காலைச் சாப்பாடு போட்டார்கள். பிறகு கூடத்தில் வரிசையாக நாற்காலி. மாமா முதல் வரிசையில் உட்கார்ந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட் வைத்தபோது, 'இந்த ஊர்ல இதுவும் ஒரு முறைபோல' என்று பேசாமல் குனிந்துகொடுத்திருக்கிறார். பெயர்ப் பட்டியல் வாசித்தபோதுதான் அகப்பட்டார்.

அடுத்து மனிதவள அதிகாரி ராகவன் சார் தொலைபேசியில் வந்தார்.

"கயல்விழி, இது சீரியஸ் விஷயம். அனுமதியில்லாம ஒருத்தர் உள்ள வந்திருக்கார். பொறுப்பான எம்ப்ளாயி நேர்ல வந்து விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தாத்தான் வெளிய விட முடியும்."

"சார், இன்னிக்கு எனக்குக் கல்யாணம் சார்."

"கார்டுல பார்த்தேன். பத்தரை வரைக்கும் டைம் இருக்கே."

இசக்கிமுத்து தான் போவதாகச் சொன்னார். அவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. அவர் கையெழுத்து செல்லாது. அம்மா, "முகூர்த்தப் பொடவையோட பொண்ணு மண்டபத்த வுட்டு வெளிய போவாளாடி?" என்று அழ ஆரம்பித்தாள். அதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்த கார் நின்றது. அப்பா முன்னால் ஏறினார், நான் பின்னால். கார் கிளம்பும்போதே மண்டபத்துக்குள் செய்தி பரவிவிட்டது: பொண்ணு ஓடிப்பூட்டா. (அப்பாவோடா ஓடுவாங்க? அதையும் ஒருத்தர் நம்பியிருக்கிறார்.)

ஒரகடம் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி. நான் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். கம்பெனி கோபுரம் தெரிந்தபோது அப்பா, "அந்த மஞ்சப் பத்திரிக நல்லாத்தாம்மா இருந்துச்சி" என்றார்.

கேட்டில் இறங்கினேன். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒற்றைக் கண்ணில் மை. நான்கு வருஷமாகத் தினமும் எனக்கு வணக்கம் சொல்லும் செக்யூரிட்டி அண்ணன் கை நீட்டி மறித்தார்.

"ஐ.டி. கார்டு மேடம்."

நான் திகைத்தேன். கார் முழுக்க அட்டைகள் கிடந்தன. அத்தனையும் கல்யாண அட்டை. உண்மையான அட்டை வீட்டு ஆணியில் தொங்கியது.

"என்னைத் தெரியும்லண்ணா!"

"தெரியும் மேடம். கார்டு இல்லாம உள்ள வுட்டா என் வேலை பூடும். இன்னிக்குக் காலையிலயே ஒருத்தர வுட்டுட்டு வாங்கிக் கட்டிகினு கீறேன்."

கடைசியில் ராகவன் சாரே வெளியில் வந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட்டோடு மாமா, பல் குத்திக்கொண்டே வந்தார். பூ ஜோடித்த காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, சார் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கம்பெனியின் அடையாள அட்டையைப் போன்ற தோற்றத்தில் இனிமேல் என் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"இனிமேல் என் கல்யாணமா சார்?" என்று கேட்டேன்.

அவர் நான் எழுதியதை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். "ஃபார்மட் அப்படித்தாம்மா. கையெழுத்துப் போடு."

போட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஒரு மனுஷர் பிள்ளையாக வளர்த்தவனுக்கு மாலை போட அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறார். அவரைக் குற்றவாளி மாதிரி வாசலில் நிற்க வைத்துவிட்டேனே என்று தோன்றியது. "மன்னிச்சிருங்க மாமா" என்றேன்.

"எதுக்குட்டி அழுத? என்னைய யாரும் ஒரு சொல் சொல்லல. மரியாதையா நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க" என்றார் அவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுக்கத்தான் அவருக்கு மனமே இல்லை.

திரும்பி வந்தபோது மணி பத்து பத்து. மண்டபத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். இசக்கிமுத்து, இத்தனை நேரமும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லையாம். மாமா காரிலிருந்து இறங்கி நேராகப் போய் மாலையைப் போட்டார். மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் இருக்கும். காரணம் கேட்பவர்களிடம் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

வேலை போகவில்லை. ஆனால் எங்கள் கம்பெனி அறிவிப்புப் பலகையில், பணியாளர்கள் தங்கள் இல்ல விழா அழைப்பிதழ்களை அடையாள அட்டை வடிவில் அச்சிடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "எந்த லூசு மேடம் இப்படிப் பண்ணிச்சு?" என்று என்னிடமே கேட்பார்கள். "யாரோ பழைய ஸ்டாஃப்" என்பேன்.

சுடலைமுத்து மாமாவுக்கு மட்டும் அந்த நாளைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. போன மாதம் திருநெல்வேலியில் அவர் பங்காளி வீட்டுக் கல்யாணம். இலை நிறையப் பலகாரம், இரண்டு பாயசம். கை கழுவிவிட்டு வந்தவரிடம் பெண்ணின் அப்பா பணிவாக, "சாப்பாடு எப்படிண்ணாச்சி?" என்று கேட்டார்.

மாமா துண்டில் கையைத் துடைத்தார். "கொற சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒண்ணு. நம்ம இசக்கி கல்யாணத்துல காலையில போட்டாம்பாரு ஒரு வெண்பொங்கலு, அது மாதிரி நான் இன்னும் எங்கயும் சாப்பிடல."

எங்கள் கல்யாணத்தில் காலைச் சாப்பாடு இட்லியும் கிச்சடியும்.