நடுவில் இருக்க ஒரு மனு

எங்கள் பனங்காலவிளை வார்டில் இனப்பாகுபாடு கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. கமிட்டி கூடி, ஏகமனதாகத் தீர்மானித்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி சீல் வைத்த விஷயம். அன்றைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் சாயாவும் பருப்பு வடையும் உண்டு. வடை சூடாக இருந்தபடியால் எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை.

ஆகையால் மினதியுடைய மனு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது அதை எந்தக் காகிதக் கட்டில் வைப்பது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மினதி சக்மா திரிபுராவிலிருந்து வந்தவள். அவள் புருஷனுக்கு ஹாலோபிரிக்ஸ் கம்பெனியில் வேலை. நாலு வருஷமாக எங்கள் வீட்டுக்கு மூணாவது வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கண் சின்னதாக இருப்பதால் சிலர் நேபாளி என்பார்கள், சிலர் சைனா என்பார்கள். வார்டு மொத்தமாகக் கூப்பிடுவது பெங்காலி என்று. திரிபுரா எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அது பெங்காலிலதான்" என்று பதில் வரும். அவளுடைய மகள் ஜுனுவுக்கு நாலு வயசு. எனக்க மகன் ஜெனிலுக்கும் நாலு வயசு. ரெண்டு பேரும் ஒரே அங்கன்வாடி.

அங்கன்வாடியில் நடுவில் ஒரு பெரிய பாய் உண்டு. பிள்ளைகள் அதில் வட்டமாக இருப்பார்கள். ஜுனு மட்டும் வாசல் பக்கம் சின்னப் பாயில் தனியாக. அவளுக்க தட்டில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளியும் உண்டு. இது பாகுபாடு இல்லை.

ஸ்ரீகலா டீச்சரே இதை விளக்கியிருக்கிறார்: "அந்தப் பிள்ளைக்கு நம்ம பாஷ சரியா வராது. நடுவுல இருத்தினா பேடிச்சு அழும். புள்ளி எதுக்குண்ணா, தட்டு மாறிப்போகாம இருக்கதுக்கு. வேற ஒண்ணும் இல்ல."

மற்ற பதினாலு தட்டுக்கும் புள்ளி கிடையாது. அதெல்லாம் மாறிப்போகலாம்.

ஒருநாள் மினதி என்னிடம் வந்தாள். "சேச்சி, ஒரு அபேட்சை எழுதித் தரணும்."

"என்ன எழுத?"

"எனக்க மோள நடுவுல இருத்தணும். அம்புட்டே."

எங்கள் வார்டு கேரள எல்லைக்குள் என்பதால் ஆபீசுக்கு மலையாளத்தில் எழுதவேண்டும். அவளுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. நான் ஏழாம் கிளாசோடு நின்றவள் என்றாலும் கையெழுத்து நல்லா இருக்கும். ஒரே வரி, எழுதிக் கொடுத்தேன். அவள் கீழே தன் பேரைப் போட்டுவிட்டு, "சேச்சியும் ஒரு ஒப்பு போடுமா?" என்றாள்.

"அடுப்புல அரிசி கெடக்கு மக்கா, வெந்து கொழஞ்சு போவும்" என்று உள்ளே போய்விட்டேன். அரிசி நிஜமாகவே கிடந்தது. இன்னும் கொதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபீசுக்குத் துணைக்கு மட்டும் போனேன். கிளார்க் கைலாசநாதன் சார் மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது என்ன வகை மனு?"

"எனக்க பிள்ளைய மட்டும் தள்ளி இருத்தியிருக்கு சாறே. எங்க முகம் வேற மாதிரி இருக்கதுனால."

"அப்ப இனப்பாகுபாடு. அதுக்கு அச்சடிச்ச பாரம் இல்ல. சாதிக்கு பச்ச பாரம் உண்டு, மதத்துக்கு மஞ்ச பாரம் உண்டு. இனம் எண்ணியது அமெரிக்காவுல உள்ள சங்கதியாக்கும். இங்கோட்டு அது வந்து சேரேல்ல."

"பின்ன வாசல்ல இருத்தியதுக்கு என்ன பாரம்?"

"வாசல் எண்ணா கட்டட செக்‌ஷன். கதவு ஒடஞ்சிருக்கா?"

"இல்ல சாறே."

"நிலை செதலரிச்சுதா?"

"இல்ல."

"பின்ன என்ன கம்ப்ளெயின்டு?"

அந்த நேரத்தில் வார்டு மெம்பர் ரெத்தினதாஸ் அண்ணன் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேலிடத்திலிருந்து சர்க்குலர். 'பௌத்த தியானத்தின் வழி இனப்பாகுபாட்டை எதிர்கொள்ளல்: மூன்று நாள் முகாம்' என்று தலைப்பு. முகாம் முடிந்ததும் பாகுபாடு ஒழிந்த விவரத்தைப் போட்டோவுடன் அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்டவர் ஒருவராவது முகாமில் கட்டாயம் இருக்கவேண்டும்.

"பாதிக்கப்பட்ட ஆளுக்கு நான் எங்க போவேன் சாறே?" என்று மெம்பர் தலையில் கைவைத்தார். "பாகுபாடு இல்லாத வார்டு எண்ணு போன மாசந்தான் எழுதி வச்சோம்."

கைலாசநாதன் சார் மினதியைப் பார்த்தார். மெம்பரும் பார்த்தார். நாலு வருஷத்தில் அவளை அவ்வளவு பிரியமாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

"இரி மோளே, இரி" என்று மெம்பர் நாற்காலி இழுத்துப் போட்டார். "மூணு நாளும் நீ வரணும் கேட்டியா. நீ இல்லேண்ணா முகாம் பரிபாடியே இல்ல."

"வாறேன். மனு?"

"அதெல்லாம் தியானத்துல சரியாவும்."

முகாம் நடத்த வார்டில் வேறு இடம் இல்லாததால் அங்கன்வாடி ஹாலையே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை மூணு நாளைக்கு வராந்தாவில் இருத்தினார்கள். பெரிய பாய் எங்களுக்கு. பிள்ளைகளுக்கு வெறும் தரை, எல்லாருக்கும் ஒரே தரை.

திருவனந்தபுரத்திலிருந்து பிரசீதா மேடம் வந்தார். சாம்பல் நிறக் கதர் உடுப்பு, கையில் மரமணி மாலை, ஒரு வெண்கலக் கிண்ணம், செல்போனை நிறுத்தி வைக்க மூணு கால் கம்பி. தியானம் இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறதாம். பேங்கில் உண்டு, பியூட்டி பார்லரில் உண்டு. பனங்காலவிளைக்கு மட்டும் வர இவ்வளவு தாமதமாகிவிட்டது. இதைக் கேட்டதும் எங்களுக்கே வெட்கமாகப் போயிற்று.

லேகா அக்கா முதல் வரிசையில் இருந்தாள். பெங்காலிப் பிள்ளைக்குப் பேன் இருக்கும், வாசலில் இருக்கட்டும் என்று டீச்சரிடம் முதலில் சொன்னது அவள்தான். அவளுக்க மகள் நீதுவும் அதே அங்கன்வாடி. "மேடம், நாங்க சபைக்குப் போறவிய. கண்ண மூடினா குற்றம் உண்டா?" என்று கேட்டாள்.

"ஜெபத்துக்கு மூடுவீங்கதானே? அதே கண்ணுதான்" என்றார் மேடம். லேகா அக்காவுக்கு சமாதானம் ஆயிற்று.

மெம்பர் ஹைவே ஓரத்துக் கடையிலிருந்து ஒரு புத்தர் சிலையைக் கொண்டுவந்தார். மடியில் தண்ணீர் ஊற்று, தலைக்குப் பின்னால் கலர் பல்பு. செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் பிளக் இருந்ததால் அங்கேயே வைத்து சுவிட்சைப் போட்டார். மினதி அதைப் பார்த்ததும் ஓடிப்போய் செருப்புகளை எல்லாம் தள்ளினாள். முந்தானையால் தரையைத் துடைத்தாள். பிறகு முட்டுக்குத்தி மூணு தடவை நெற்றி தரையில் பட வணங்கினாள்.

"அய்யோ, எழும்பும்மா" என்றார் மேடம். "இது மதம் இல்ல. டெக்னிக். இங்க மதத்தக் கொண்டு வரக்கூடாது."

"எங்க வீட்டுல இவரு உண்டு மேடம்."

"எல்லார் வீட்டுலயும்தான் உண்டு. ஷோகேஸ்ல."

மினதிக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் 'பாதிக்கப்பட்டவர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. நடுவில் போட்டால் மற்றவர்களுக்கு மேடத்தை மறைக்கும் என்று வாசல் பக்கம் போட்டார்கள்.

முதலில் ஒரு வீடியோ. ஏதோ வெளிநாட்டில், கறுத்த மனுஷன் ஒருத்தனை போலீஸ் தள்ளி விடுகிறது, பஸ்சில் இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் அழுதோம். லேகா அக்காதான் கூடுதல் அழுதாள். "கறுப்பா இருந்தா அவனும் மனுசன் அல்லியா மேடம்!" சாயா குடிக்க வெளியே கூப்பிட்டபோது மட்டும், வெயில் பட்டால் முகம் கறுக்கும் என்று உள்ளேயே இருந்துகொண்டாள்.

அதன்பிறகு கருணை தியானம். கண்ணை மூடி, அவர்கள் நல்லா இருக்கட்டும் என்று மனசால் அனுப்பவேண்டும்.

"ரொம்ப தூரத்துல உள்ளவங்கள்ல தொடங்குவோம். அதுதான் சுலபம்" என்றார் மேடம்.

வாசலிலிருந்து மினதி கையைத் தூக்கினாள். "மேடம், எங்க ஊருல முதல்ல நமக்கு. பின்ன பக்கத்துல இருக்க ஆளுக்கு. அப்பறந்தான் தூரம். எங்க பிக்கு அப்பிடித்தான் சொல்லித் தரும்."

"அது பழைய முறைம்மா. நான் பண்ணின கோர்ஸ்ல அப்படி இல்ல."

முதல் நாள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினோம். மனசு லேசாக ஆயிற்று. ரெண்டாம் நாள் அரபு நாடு, டெல்லி, பம்பாய். ரெயிலில் ஊர் ஊராக வருவது மாதிரி கருணை வந்துகொண்டே இருந்தது. மூணாம் நாள் உச்சைக்கு மதுரை தாண்டியது. மூணு மணிக்கு நாகர்கோவில். நாலு மணிக்குக் களியிக்காவிளை செக்போஸ்ட். அங்கே மேடம் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். நேரம் முடிந்தது. களியிக்காவிளையிலிருந்து எங்கள் அங்கன்வாடிக்கு பஸ்சில் பத்து நிமிஷம்.

இந்த மூணு நாளும் வெளியே பெரிய வெப்ராளமும் அமளியும். பிள்ளைகளுக்கு இருக்க இடம் இல்லை, பார்க்க டீச்சரும் இல்லை. டீச்சர் உள்ளே கண்ணை மூடியிருந்தார். ஜுனு தும்பியைப் பிடித்து, சிறகு கசங்காமல் பறக்கவிடுவாள். அதைப் பார்க்க எல்லாம் அவளைச் சுற்றி வட்டமாகக் கூடிவிட்டது. எனக்க ஜெனிலும் லேகா அக்காவுக்க நீதுவும் அவளுக்கு ரெண்டு பக்கமும். ஒரே கூச்சலும் சிரிப்பும்.

"அந்தச் சத்தம் நம்ம கருணைக்கு இடைஞ்சல். யாராவது கதவ அடைங்க" என்றார் மேடம்.

வாசல் பக்கம் இருந்தது மினதி. எழும்பிப் போனவள், கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் மகள் நடுவில் இருந்தாள்.

"பாதிக்கப்பட்டவங்க சிரிக்கக்கூடாது, வீடியோ ஓடுது" என்று மெம்பர் மெதுவாகச் சொன்னார். அவள் கதவை அடைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் போட்டோ. மினதியை நடுவில் நிறுத்தி நாங்கள் சுற்றி நின்றோம். எல்லாருக்கும் சர்டிபிக்கேட். 'இனப்பாகுபாட்டை வெற்றிகரமாக எதிர்கொண்டமைக்காக' என்று தங்க எழுத்து. மினதிக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். சமத்துவத்தின் நினைவாக புத்தரை ஹாலுக்கு நடுவில் வைத்து, எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருந்தார்கள். பெரிய பாய் நகர்ந்தது. ஜுனு வாசலில், பழைய சின்னப் பாயில்.

ஜெனில் நேரே போய் அவள் பக்கத்தில் இருந்துவிட்டான். டீச்சர் கூப்பிட்டார், வரவில்லை. மறுநாள் நீதுவும் போனாள். வியாழக்கிழமை வாசலில் ஏழு பிள்ளைகள். கஞ்சிப் பானையை உள்ளே கொண்டுபோக வழியில்லை. டீச்சர் பாதிப் பேரைப் பிடித்து இழுத்துப் பாய்க்குக் கொண்டுவந்தார். அதில் நீதுவும் ஒருத்தி. நீது வீட்டுக்குப் போய் அழுது மறிந்தாள்.

லேகா அக்கா கொதித்துவிட்டாள். "எப்பிடியாக்கும் இது? வாசல்ல நல்ல காத்து, தும்பி வருது, பஸ்சு போறது தெரியுது. வந்து கேறின பெங்காலிப் பிள்ளைக்கு வருசம் முழுக்க வாசலு, எனக்க பிள்ளைக்கு ஒருநாள் இல்ல. இது பாகுபாடு இல்லாம பின்ன என்ன?"

மனு எழுத என்னிடம்தான் வந்தாள். கையெழுத்து நல்லா இருக்குமே. எழுதினேன். கீழே எல்லா அம்மாக்களும் ஒப்பு போட்டார்கள். நானும் போட்டேன். அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை.

முகாமுக்குப் பிறகு ஆபீசில் இனப்பாகுபாட்டுக்கு நீல பாரம் வந்திருந்தது. கைலாசநாதன் சார் முதல் பாரத்தை லேகா அக்காவுக்குத்தான் கொடுத்தார். மூணே நாளில் உத்தரவு வந்தது. டீச்சர் அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இப்போதும் பார்க்கலாம்:

'வாசற்பகுதி காற்றோட்டமுள்ள இடமாகையாலும், மேற்படி குழந்தை ஜுனு அவ்விடத்தை ஓராண்டுக்கு மேலாகத் தனியாக அனுபவித்து வந்துள்ளமையாலும், இனி உள்ளூர்க் குழந்தைகள் அவ்விடத்தில் இருக்க அனுமதிக்கப்படுகிறது. மேற்படி குழந்தை உடனடியாக நடுவில் மாற்றப்படவேண்டும். இத்துடன் திருமதி மினதி சக்மா அவர்களின் மனுவும் சாதகமாகத் தீர்வு செய்யப்பட்டதாகக் கருதப்படும்.'

மறுநாள் காலை நானும் மினதியும் ஒன்றாகத்தான் பிள்ளைகளைக் கொண்டுவிட்டோம். கஞ்சிப் பானைக்கு வழிவிட்டு, பெரிய பாயை வாசல் பக்கம் நீளமாக விரித்திருந்தார்கள். பதினாலு பிள்ளைகள் அதில் வெளியே பார்த்தபடி இருந்தன. ஜெனில் ஒருதடவை எழும்பி உள்ளே போகப் பார்த்தான். "எலே, உத்தரவு உண்டு, இரி அங்க" என்று டீச்சர் இருத்தினார். ஹாலுக்கு நடுவில் புத்தர் மடியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில், சின்னப் பாயில், புள்ளி வைத்த தட்டோடு ஜுனு.

மினதி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். வணங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, நடுவுல எண்ணா சுத்தி ஆளு வேணும் அல்லே?"

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு முறையாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சர்டிபிக்கேட்டும் உண்டு, ஷோகேசில் வைத்திருக்கிறேன். நான் கண்ணை மூடினேன். மூச்சு உள்ளே வந்தது. மூச்சு வெளியே போயிற்று. மனசு லேசாக ஆயிற்று.

கண்ணைத் திறந்தபோது மினதி போயிருந்தாள்.