ஆண்டவருக்கு ஆடை வழங்கும் குழு

மனிதகுலத்தின் மானம் இன்றுவரை காற்றில் பறக்காமல் இருப்பதற்குக் காரணம் இருவர். ஒருவர், ஊசியைக் கண்டுபிடித்தவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மற்றவர், ஜவுளிக்கடை முதலாளி. அவர் பெயர் தேவாலயத்தின் ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் எழுதியிருக்கிறது.

பீடத்துக்குப் பின்னால், சுவரில் புதிதாக வரைந்திருந்த, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் ஓவியத்தை முதன்முதலில் "முறையாகப் பார்த்தவர்" அவர்தான். மற்றவர்கள் முழங்காலிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளியின் பார்வை நேராக இடுப்புக்குப் போனது. தொழில் பழக்கம்.

"ஃபாதர், இந்தத் துணி முக்கால் மீட்டர்கூட வராது. அதுவும் கிழிசல். குடும்பப் பெண்கள் வந்துபோற இடம்!"

"சிலுவையில அப்படித்தாங்க இருந்தார்," என்றார் ஃபாதர், மென்று விழுங்கியபடி.

"இருந்தார், சரி. அதுக்காக அப்படியேவா வரையிறது?"

இந்த வாதத்துக்கு இறையியலில் பதில் கிடையாது. எனவே 'ஆண்டவருக்கு ஆடை வழங்கும் குழு' பிறந்தது. தலைவர், முதலாளி. உறுப்பினர், மறைக்கல்வி டீச்சர். ஃபாதர் தலையாட்டும் பொறுப்பை ஏற்றார்.

குழு ஆபாசத்தை அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. டீச்சர் வீட்டிலிருந்து பைனாகுலர் கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சீ, ரொம்ப அசிங்கம்" என்றார். பிறகு சந்தேகம் வரவே, மறுபடியும் பார்த்தார். முதலாளி ஒரு படி மேலே போனார்; ஏணியில்.

தீர்மானம்: முழுக்கைச் சட்டை, கால்சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து ஆசீர்வதிப்பதற்குள் வேலை முடிய வேண்டும். முடியாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிக்கப்படும்.

மழைக்காலம் முழுக்கச் சாரத்தில் தொங்கியபடி அந்தச் சுவரை வரைந்த ஓவியர் குழுவிடம் ஓடி வந்தார்.

"ஆணி அடிச்ச கையில கஃப் பட்டன் எப்படிங்க போடறது?"

"அது உங்க திறமை, ஓவியரே. கலையில நாங்க தலையிட மாட்டோம்."

ஓவியர் பெருமூச்சு விட்டார். "துணி மடிப்பு மனசுலேருந்து வராதுங்க. ஆளை நிறுத்தித்தான் வரையணும். முன்னாடி இந்தப் படத்துக்கு நின்னவரையே கூட்டிட்டு வரேன்."

முதலாளி உருகிப்போனார். தன் கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஊதாச் சட்டை ஒன்றை ஆண்டவருக்கென்று மனமுவந்து எடுத்து வந்தார். சனிக்கிழமை காலை குழு முன்வரிசையில் அமர்ந்திருக்க, பக்கக் கதவு வழியாக ஒல்லியான இளைஞன் ஒருவன் வந்தான்.

"இந்தாப்பா, போட்டுக்க," என்று சட்டையை நீட்டிய முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. "நீயா?"

"நான்தான் முதலாளி. நீங்க வேலையை விட்டு நிறுத்தினப்புறம் ஓவியர்தான் கூப்பிட்டார்."

டீச்சர் பைனாகுலரை இறக்கினார். "உங்க கடை ஆளா? ஏன் நிறுத்தினீங்க?"

"சும்மா... ஸ்டாக் விஷயம்..."

"ஒரு சட்டை குறையுதுன்னு, குடோன்ல எல்லார் முன்னாடியும் உரிச்சு நிக்க வச்சாங்க டீச்சர். என் மேல ஒரு கைக்குட்டைகூட இல்ல. அந்தச் சட்டையை இவங்களே ஷோகேஸ் பொம்மைக்கு மாட்டி விட்டிருந்தாங்க. மறுநாள்தான் தெரிஞ்சுது." அவன் சுவரை நிமிர்ந்து பார்த்தான். "ஓவியர் நில்லுன்னதும், அன்னிக்கு இருந்த மூஞ்சி தானா வந்துடுச்சு."

முதலாளியும் நிமிர்ந்து பார்த்தார், இம்முறை இடுப்புக்கு மேலே. குடோனில் பார்த்த அதே கண்கள் சுவரிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளத் தயங்காத பெருந்தன்மை முதலாளியினுடையது. குழுவைக்கூடக் கலந்துகொள்ளாமல் தீர்மானத்தை அங்கேயே மாற்றினார்.

"உடம்பு இப்படியே இருக்கட்டும் ஓவியரே. அதுல ஒரு அசிங்கமும் இல்ல. முகத்தை மட்டும் மூடிடுங்க."