வெண்பொருள் கண்ட பெரியப்பா

உயிரினங்களுள் ‘சன்னல் மருத்துவர்’ என்றோர் இனம் உண்டு. மருத்துவம் பயின்றவரல்லர், பயில வேண்டிய தேவையும் அவருக்கில்லை. யாருடைய மூளை ஸ்கேன் படமாயினும் உறையிலிருந்து உருவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அருட்காட்சி கண்டவர்போல் ‘ம்ம்’ என்று ஒருமுறை கனைத்துவிட்டால் போதும், நோய் கைகட்டி நின்றுவிடும். படம் தலைகீழாக இருக்கிறதா? இருந்தால் என்ன?

அச்சகத்தில் பிழை திருத்தும் பெண்ணொருத்திக்கு இவர் பெரியப்பாவாக வாய்த்தார். மனச்சிதைவால் வேலையை விட்டவள். காதுக்குள் ஓயாது பேசிய குரல் மாத்திரையால் அடங்கி, மீண்டும் பணிக்குத் திரும்பவிருந்தாள். ஆராய்ச்சிக்கென எடுத்த படத்தைக் கொடுத்த மருத்துவர், “மூளையோட பகுதிகளை இணைக்கிற நரம்பிழைக்கு வெண்பொருள்னு பேரு. இந்த நோயில அதோட அமைப்பும் வளர்சிதை மாற்றமும் கொஞ்சம் வேறுபடலாம். இன்னும் ஆராய்ஞ்சிட்டுதான் இருக்கோம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க” என்றிருந்தார். அதை வீட்டில் அப்படியே ஒப்பித்ததுதான் அவள் திருத்தத் தவறிய பிழை.

பெரியப்பா படத்தைச் சன்னலுக்குத் தூக்கினார். “வெண்பொருளா? பாத்தியா, தலை பூரா வெள்ளை! மனச்சிதைவுங்கிறான், வளர்சிதைங்கிறான், ரெண்டுலயும் சிதை இருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? வெள்ளையா இருக்கிறதை எல்லாம் நிறுத்து!”

பால் போயிற்று. உப்பும் சர்க்கரையும் போயின. பூண்டு நாடுகடத்தப்பட்டது, பற்பசைமீதும் ஐயம் விழுந்தது. இறுதியில் அவர் கை மாத்திரைப் பட்டையை எடுத்தது. அதுவும் வெள்ளை.

“பெரியவர் சொன்னா ஒரு காரணம் இருக்கும்ல?” என்று அம்மா இழுத்தாள்.

மாத்திரை போனால் குரல் வரும். குரல் வந்தால் வேலை போகும். பெண் பட்டையை அவர் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டாள்.

“பெரியப்பா, என் காதுக்குள்ள பேசினானே ஒருத்தன், அவனும் இதையேதான் சொன்னான். மாத்திரையை நிறுத்து, எனக்கு எல்லாம் தெரியும்னு. அவன் தினம் ஒரு மாத்திரைக்கே அடங்கிட்டான். உங்களுக்கு எத்தனை வேணும்?”

அம்மா இருமுவதுபோல் சிரித்துக்கொண்டே மாத்திரை விழுங்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், அன்பரே. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வெண்பொருள் என்ற சொல்லை இப்போதுதானே கற்றீர்கள்? அதற்குள், ‘பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலியாமே, போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா’ என்று ஒரு நாக்கு நமநமக்கிறதே, அது யாருடையது?